காரணம் எண் மூன்று

எட்டு நிமிடம் தாங்கும். சில நாள் பதினொன்று.
பிறகு திரை ஓரத்து விசிறி வெளிறிவிடும்.
லெமுய் பண்ணையின் மட்டிக் கணக்கு
பாதி ஏறி, பாதி என் மடியில் நிற்கும்.

சிலோயே தீவில் பழிபோட ஆளுக்குப் பஞ்சமில்லை.
முதலில் மழையைச் சொன்னேன்.
காஸ்ட்ரோவில் மழையைச் சொன்னால்
மறுத்துப் பேச ஒருவரும் வரமாட்டார்கள்.
அப்புறம், மரக்கால்களில் நிற்கும் இந்த வீட்டை,
ஓதம் ஏறும்போது முனகும் தரைப்பலகையை,
நடுக்கூடத்து இரும்பு விறகடுப்பை.
கடைசியில் மாடிவீட்டு ரோசமேலை.

ரௌட்டர் அவனுடையது. மாதப் பணத்தில் பாதி என்னுடையது.
வேண்டுமென்றே இரவில் அணைக்கிறான் என்று
மீன்சந்தையில் நின்று சொன்னேன்,
அவன் அக்கா காதில் விழும் தூரத்தில்.
அதன்பின் படியில் எதிர்ப்பட்டால்
அவரவர் பூட்ஸைப் பார்த்தபடி கடந்தோம்.
ஜூன் மாதப் பாதியை நான் தரவில்லை.
அவன் கேட்கவில்லை.
கேட்காததையும் அவன் குற்றப் பட்டியலில் எழுதிக்கொண்டேன்.

ஜெர்மனியில் யாரோ கழித்துவிட்ட லேப்டாப் இது.
இசட் இருக்கவேண்டிய இடத்தில் ஒய் இருக்கும்.
உள்ளே லினக்ஸ்.
எதையும் மறைக்கத் தெரியாத பிறவி;
ஆனால் நாம்தான் வாய்திறந்து கேட்க வேண்டும்.
ஒரு ராத்திரி, கோபம் அலுத்துப்போய், கேட்டேன்.

கறுப்புத் திரையில் குறிப்பேடு விரிந்தது.
மணி, நிமிடம், நொடி, நொடியின் துணுக்கு.
கப்பல் தலைவன்கூட இவ்வளவு நேர்மையாய் எழுதமாட்டான்.
இருபத்திரண்டு பதினாறு, துண்டிப்பு.
இருபத்திரண்டு இருபத்தைந்து, துண்டிப்பு.
ஒவ்வொன்றின் வாலிலும் அதே வாசகம்:
உள்ளூர் விருப்பப்படி. காரணம் எண் மூன்று.

மூன்று என்றால் என்னவென்று தேடினேன்.
தேடி முடிப்பதற்குள் இரண்டு தரம் அறுந்தது.
மூன்று என்றால்: நானாகவே போகிறேன்.

யாரும் துரத்தவில்லை.
என் விரலுக்கடியில் இருந்த எந்திரம்
தானே எழுந்து, தானே கதவைச் சாத்தியிருக்கிறது.

பேட்டரியை மிச்சம்பிடிக்க அட்டை கண்ணயர்கிறதாம்.
மாடியிலிருந்து ரௌட்டர் நொடிக்குப் பத்து தரம்
இருக்கிறேன், இருக்கிறேன் என்கிறது.
தூங்குகிறவள் காதில் அது ஏறுவதில்லை.
விழித்ததும் ஒரு நிசப்தம்.
அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டு
கிளம்பிவிடுகிறாள்.
'அவள்' என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

ஒரு கோப்பு. அதில் ஒரு வரி.
வரியின் முடிவில் மறுபடி ஒரு மூன்று,
இது வேறு மூன்று.
அழித்து இரண்டு என்று எழுதினேன். தூங்காதே என்று பொருள்.
இருபது வருஷமாய்க் கணக்கு எழுதுகிறவளுக்கு
திருத்திய எண்ணின் ஓரம்
சுருக்கொப்பம் இட இடமில்லாதது உறுத்தியது.
சேவையை நிறுத்தி எழுப்பினேன்.

எட்டு நிமிடம். பதினொன்று.
அடுப்பில் இரண்டு கட்டை போட்டேன். நாற்பது.
ஆயிரத்து நானூறு கயிற்று மட்டியும் கரையேறியபோது
மணி ஒன்றேகால்.
மேலே பலகை கிறீச்சிட்டது.
அவனும் தூங்கவில்லை.

காலையில் ஜூனையும் ஜூலையையும்
ஒரே உறையில் போட்டுப் படியேறினேன்.
சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியம்
ஏழாம் படியில் மறந்துபோனது.

கதவைத் திறந்தவன் கேட்டான்:
"மறுபடி போயிடுச்சா?"
"இல்ல. கோளாறு என் பக்கம்தான், இஸ்மேனியா பக்கம்."
என் பேரை நானே ஏன் சொன்னேனோ.

உறையைப் பிரித்து எண்ணினான்.
ஈரக் கையால் ஒரு தாளை உருவி
என்னிடமே திருப்பித் தந்தான்.
"ஜூன்ல நாலு ராத்திரி நிஜமாவே அணைச்சேன்.
நீ சந்தையில பேசின பிறகு."

அந்த நாலு இரவும் குறிப்பேட்டில் இருக்கும்,
வேறேதோ எண்ணோடு.
நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.